டர்போ விழித்தெழும் இரண்டு விநாடிகள்

மேட்டுச் சாலையில் ஏறும் லாரியும், நிறுத்தத்தை விட்டுப் புறப்படும் பழைய பேருந்தும் குபுக்கென்று கரும்புகை கக்குவதை நீங்கள் எல்லோரும் பார்த்திருப்பீர்கள். சற்று உற்றுக் கவனித்தால் ஒரு விந்தை புலப்படும். வண்டி வேகமெடுத்துச் சீராக ஓடத் தொடங்கியதும் புகை குறைந்துவிடுகிறது. வேகமாக ஓடும்போது குறைவாக உள்ள புகை, புறப்படும் அந்த ஓரிரு விநாடியில் மட்டும் மிகுவானேன்?

இதற்குக் காரணங்கள் பல உண்டு. டர்போசார்ஜர் பொருத்திய டீசல் எஞ்சின்களில் முக்கியமான காரணம் ஒன்றே. ஓட்டுநர் ஆக்ஸிலேட்டரை மிதித்ததும் டீசல் உடனே வந்துவிடுகிறது. அதை எரிப்பதற்கு வேண்டிய காற்றோ சற்றுத் தாமதித்தே வருகிறது. இந்தத் தாமதத்தைப் பொறியியலார் எப்படிக் கணக்கிட்டு அறிகிறார்கள் என்பதே நம் பாடம். மேல்நிலை வகுப்பு இயற்பியலும், ஒரு பென்சிலும், வர்க்கமூலம் காணும் கால்குலேட்டர் ஒன்றும் இதற்குப் போதும். கணக்கு வேண்டாத பெற்றோர்கள் அட்டவணைகளைத் தாண்டிப் படித்தாலும் பொருள் விளங்கும்.

டர்போ என்பது யாது?

எஞ்சினில் டீசல் எரிவதால் கிடைக்கும் வெப்பத்தில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு, சூடான வாயுவாகப் புகைக்குழாய் வழியே வெளியேறி வீணாகிறது. அந்த வாயுவை வெறுமனே வெளியே விடாமல் ஒரு சிறு சக்கரத்தின் மீது பாயவிட்டால் சக்கரம் சுழலும். இதுவே டர்பைன். அதே அச்சின் மறுமுனையில் இன்னொரு சக்கரம் இருக்கிறது. அது வெளிக்காற்றை உறிஞ்சி, அழுத்தி, எஞ்சினுக்குள் தள்ளுகிறது. இதற்குக் கம்ப்ரசர் என்று பெயர். இரண்டு சக்கரங்களும் அவற்றை இணைக்கும் அச்சும் சேர்ந்ததே டர்போவின் சுழலும் பகுதி.

அழுத்திய காற்றில் ஆக்சிஜன் நெருக்கமாக இருக்கும். ஆகவே அதே அளவுள்ள எஞ்சினில் அதிக டீசலை எரிக்கலாம். அதிகத் திறன் பெறலாம். ஒரு கிலோ டீசல் முழுமையாக எரிய ஏறத்தாழ 14.5 கிலோ காற்று வேண்டும். ஆனால் சிலிண்டருக்குள் காற்றும் டீசலும் ஒரே சீராகக் கலப்பதில்லை. அதனால் நடைமுறையில் இதைவிடக் கூடுதலான காற்று தேவைப்படுகிறது. அது கிடைக்காவிட்டால் டீசலின் ஒரு பகுதி எரியாத கரித்துகளாகி வெளியே வரும். நாம் காணும் கரும்புகை அதுதான்.

கார்களில் உள்ள டர்போச் சக்கரங்கள் உள்ளங்கையில் அடங்கிவிடும் அளவே இருக்கும். ஆனால் அவை சுழலும் வேகமோ வியப்பானது. சிறிய கார்களில் நிமிடத்துக்கு 2,00,000 சுற்றுகளையும் தாண்டுவதுண்டு. வீட்டு மின்விசிறி நிமிடத்துக்குச் சில நூறு சுற்றுகளே சுற்றுகிறது என்பதை ஒப்பிட்டுப் பாருங்கள்.

கப்பலிலிருந்து காருக்கு

இக்கருவியைக் கண்டவர் சுவிட்சர்லாந்து நாட்டுப் பொறியியலார் ஆல்ஃபிரட் பியூகி. 1879-இல் விண்டர்தூர் நகரில் பிறந்த அவர், 1905-இல் தம் எண்ணத்துக்குக் காப்புரிமை பெற்றார். எண்ணம் செயலாக வடிவெடுக்க ஏறத்தாழ 20 ஆண்டுகள் பிடித்தன. 1920களில் இரண்டு ஜெர்மானியப் பயணிகள் கப்பல்களின் டீசல் எஞ்சின்களில் டர்போ பொருத்தப்பட்டது. 1,750 குதிரைத்திறன் தந்து வந்த எஞ்சின் 2,500 குதிரைத்திறன் தந்தது.

கப்பலில் டர்போ தடையின்றி வெற்றி பெற்றதற்கு ஒரு காரணம் உண்டு. துறைமுகத்தை விட்டுப் புறப்பட்ட கப்பல் மணிக்கணக்கில் ஒரே வேகத்தில் செல்லும். எஞ்சினுக்கும் டர்போவுக்கும் ஒரே வேலை. இதை நிலைத்த இயக்கம் என்போம். சாலையில் ஓடும் வண்டியின் கதை வேறு. சிக்னலில் நிற்க வேண்டும், புறப்பட வேண்டும், முந்த வேண்டும், மேடு ஏற வேண்டும். விநாடிக்கு விநாடி தேவை மாறுகிறது. இதை நிலைமாற்ற இயக்கம் என்போம். கப்பலில் யாருக்கும் தெரியாதிருந்த டர்போவின் தாமதம் சாலைக்கு வந்ததும் எல்லோருக்கும் தெரிந்தது.

1962-இல் அமெரிக்காவில் ஓல்ட்ஸ்மொபீல் ஜெட்ஃபயர், செவர்லே கார்வேர் ஆகிய கார்கள் டர்போவுடன் வெளிவந்தன. 1973-இல் பி.எம்.டபிள்யூ. நிறுவனம் 2002 டர்போ என்ற காரை வெளியிட்டது. மிதித்ததும் ஒன்றும் நிகழாது. சிறிது நேரம் கழித்துத் திடீரென்று சக்தி பாய்ந்து வரும். 1977-இல் ரெனால்ட் நிறுவனம் டர்போ எஞ்சினுடன் ஃபார்முலா ஒன் பந்தயத்தில் இறங்கியபோதும் இதே தொல்லை இருந்தது. வளைவு முடிந்தபின் வரவேண்டிய சக்திக்காக, ஓட்டுநர் வளைவு முடியும் முன்பே மிதிக்க வேண்டியிருந்தது. 1979-இல் பிரான்சில் டீஜோன் ஓடுதளத்தில் அந்த அணி முதல் வெற்றியைப் பெறுவதற்குள், ஒரு டர்போவுக்குப் பதில் இரண்டு சிறிய டர்போக்களை அது பொருத்தியிருந்தது. ஒன்றுக்குப் பதில் இரண்டு சிறியவை ஏன் என்பது இப்பாடத்தின் முடிவில் உங்களுக்கே விளங்கும்.

தாமதம் ஏன்?

ஓய்விலுள்ள பொருள் ஓய்விலேயே இருக்க விரும்புகிறது; இயங்கும் பொருள் அதே வேகத்திலேயே இயங்க விரும்புகிறது. நிலைமம் என்று இதைப் படித்திருக்கிறீர்கள். சுழலும் பொருளுக்கு இதன் அளவு நிலைமத் திருப்புத்திறன். பொருளின் நிறை எவ்வளவு என்பது மட்டுமன்றி, அந்த நிறை அச்சிலிருந்து எவ்வளவு தொலைவில் உள்ளது என்பதையும் பொறுத்தது அது.

சுழலும் பொருளின் இயக்க ஆற்றல் = ½ × நிலைமத் திருப்புத்திறன் × கோண வேகத்தின் வர்க்கம்.

நம் பாடத்துக்காக ஒரு டர்போவை எடுத்துக்கொள்வோம். அதன் நிலைமத் திருப்புத்திறன் 0.00005 கிலோகிராம் மீட்டர் வர்க்கம் என்க. எஞ்சின் மெதுவாக ஓடும்போது அது விநாடிக்கு 4,000 ரேடியன் வேகத்தில் சுழல்கிறது. முழுத் திறனில் 12,000 ரேடியன் வேகத்தை எட்ட வேண்டும். ரேடியன் கணக்கை 9.55 ஆல் பெருக்கினால் நிமிடச் சுற்றுகள் கிடைக்கும். அதாவது ஏறத்தாழ 38,000 சுற்றிலிருந்து 1,15,000 சுற்றுக்கு ஏற வேண்டும்.

முதலில் உள்ள ஆற்றல்: ½ × 0.00005 × 4,000 × 4,000 = 400 ஜூல்.
முடிவில் வேண்டிய ஆற்றல்: ½ × 0.00005 × 12,000 × 12,000 = 3,600 ஜூல்.

ஆக 3,200 ஜூல் ஆற்றலை ஊட்ட வேண்டும். 40 கிலோ எடையுள்ள மாணவி ஒருத்தி 8 மீட்டர் உயரம் படியேறுவதற்கு வேண்டிய ஆற்றல் இது. உள்ளங்கையில் அடங்கும் சக்கரத்துக்கு இவ்வளவு ஆற்றலா என்று வியப்பாக இருக்கிறதல்லவா? வேகத்தின் வர்க்கம் செய்யும் வேலை இது.

இந்த ஆற்றலை யார் தருவது? டர்பைன்தான். டர்பைன் தரும் திறனில் ஒரு பகுதியைக் கம்ப்ரசர் காற்றை அழுத்துவதற்கு எடுத்துக்கொள்கிறது. சிறிதளவு, அச்சைத் தாங்கும் எண்ணெய்த் தாங்கிகளில் உராய்வாகச் செலவாகிறது. இவை போக எஞ்சுவது மிகுதித் திறன். அது மட்டுமே டர்போவின் வேகத்தைக் கூட்டும்.

தொல்லை இங்கேதான் தொடங்குகிறது. டர்பைன் வேகமாகச் சுழலச் சூடான வாயு மிகுதியாக வேண்டும். வாயு மிகுதியாக வர டீசல் மிகுதியாக எரிய வேண்டும். டீசல் மிகுதியாக எரியக் காற்று வேண்டும். காற்று வர டர்பைன் வேகமாகச் சுழல வேண்டும்! விதை முந்தியா, மரம் முந்தியா என்பது போன்ற நிலை. ஆகையால் தொடக்கத்தில் மிகுதித் திறன் மிகக் குறைவாகவே இருக்கிறது. வேகம் கூடக் கூட அதுவும் வளர்கிறது. இறுதி வேகத்தை நெருங்கும்போது கம்ப்ரசரின் தேவையும் ஏறிவிடுவதால் மீண்டும் குறைந்து, கடைசியில் பூஜ்யமாகிறது. அப்போது டர்போ நிலைத்த இயக்கத்தை அடைந்துவிட்டது என்று பொருள்.

நோட்டுப் புத்தகத்தில் ஒரு சிமுலேஷன்

மிகுதித் திறன் மாறாமல் 2,000 வாட்டாக இருந்தால் கணக்கு எளிது. 3,200-ஐ 2,000-ஆல் வகுத்தால் 1.6 விநாடி. ஆனால் அது கணந்தோறும் மாறுகிறது. வேகம் தெரிந்தால்தான் திறன் தெரியும்; திறன் தெரிந்தால்தான் அடுத்த வேகம் தெரியும். என்ன செய்வது?

இத்தகைய சிக்கலுக்கு வழி கூறியவர் லியோனார்ட் ஆய்லர். 1707-இல் சுவிட்சர்லாந்தின் பாசல் நகரில் பிறந்த கணித மேதை. வாழ்வின் பிற்பகுதியில் பார்வையை இழந்த பின்னரும், பிறரை எழுதச் சொல்லித் தம் ஆராய்ச்சியைத் தொடர்ந்தவர். 1768-இல் வெளிவந்த அவருடைய நூலில் உள்ள வழி இதுதான்: நேரத்தைச் சிறு சிறு படிகளாகப் பிரி. ஒரு படி முடியும் வரை திறன் மாறவில்லை என்று கொள். படியின் முடிவில் புதிய வேகத்தைக் காண். அந்த வேகத்துக்குரிய புதிய திறனைக் கொண்டு அடுத்த படியைத் தொடங்கு. கணிப்பொறி செய்யும் சிமுலேஷனுக்கு, அதாவது மாதிரிக் கணிப்புக்கு, இதுவே அடிப்படை.

நம் டர்போவின் மிகுதித் திறனுக்கு எளிய விதி ஒன்று வைத்துக்கொள்வோம். இது பாடத்துக்காக நாமே வகுத்துக்கொண்ட விதி.

கோண வேகம் 4,000 முதல் 8,000 வரை: மிகுதித் திறன் = 0.4 × கோண வேகம் − 800.
8,000 முதல் 12,000 வரை: மிகுதித் திறன் = 0.6 × (12,000 − கோண வேகம்).

ஆற்றலிலிருந்து வேகத்தைக் காணவும் எளிய வழி உண்டு. நம் டர்போவுக்குக் கோண வேகம் = 200 × √ஆற்றல். (400-இன் வர்க்கமூலம் 20; 200 × 20 = 4,000. சரிதானே?)

இனி அரை விநாடிப் படிகளில் செல்வோம். தொடக்கத்தில் திறன் 0.4 × 4,000 − 800 = 800 வாட். அரை விநாடியில் சேரும் ஆற்றல் 400 ஜூல். ஆக 800 ஜூல். அதன் வர்க்கமூலம் 28.28; வேகம் 5,657. இந்த வேகத்துக்குரிய திறன் 1,463 வாட். அடுத்த அரை விநாடியில் அதில் பாதியான 731 ஜூல் சேர்கிறது. இப்படியே தொடர்ந்தால் பின்வரும் அட்டவணை கிடைக்கும்.

0 விநாடி: ஆற்றல் 400; வேகம் 4,000; திறன் 800
0.5 விநாடி: ஆற்றல் 800, வேகம் 5,657, திறன் 1,463
1.0 விநாடி: ஆற்றல் 1,531, வேகம் 7,826, திறன் 2,330
1.5 விநாடி: ஆற்றல் 2,696, வேகம் 10,385, திறன் 969
2.0 விநாடி: ஆற்றல் 3,181, வேகம் 11,280, திறன் 432
2.5 விநாடி: ஆற்றல் 3,397, வேகம் 11,657, திறன் 206

ஓட்டுநர் மிதித்த பின் டர்போ விழித்தெழ ஏறத்தாழ இரண்டு விநாடி ஆகிறது என்று நம் நோட்டுப் புத்தகமே கூறிவிட்டது!

ஆனால் இந்த விடையை அப்படியே நம்பிவிடலாமா? ஒரு படி முடியும் வரை திறன் மாறாது என்று கொண்டோமே, அது உண்மையன்று. எனவே படியைப் பாதியாக்கிச் சரிபார்ப்போம். கால் விநாடிப் படிகளில் அதே கணக்கு:

0.25 விநாடி: ஆற்றல் 600, வேகம் 4,899, திறன் 1,160
0.50 விநாடி: ஆற்றல் 890, வேகம் 5,967, திறன் 1,587
0.75 விநாடி: ஆற்றல் 1,287, வேகம் 7,175, திறன் 2,070
1.00 விநாடி: ஆற்றல் 1,804, வேகம் 8,495

ஒரு விநாடியின் முடிவில் முன்பு 7,826 வந்தது. இப்போது 8,495 வருகிறது. தொகை நுண்கணிதத்தின் துணையால் இதே விதிக்குச் சரியான விடையைக் காணலாம். அது ஏறத்தாழ 9,080. முதல் கணக்கின் பிழை 1,254. இரண்டாவதன் பிழை 585. படியைப் பாதியாக்கியதும் பிழையும் ஏறத்தாழ பாதியாயிற்று. ஆய்லர் முறையின் இயல்பே இதுதான். படியை மேலும் மேலும் சிறிதாக்கினால் உண்மையை மேலும் மேலும் நெருங்கலாம். ஆனால் உழைப்பும் அதற்கேற்பப் பெருகும். எஞ்சினின் முக்கிய அச்சு ஒரு பாகை திரும்புவதை ஒரு படியாகக் கொண்டால், நிமிடத்துக்கு 1,500 சுற்று ஓடும் எஞ்சினுக்கு விநாடிக்கு 9,000 படிகள் வரும். இரண்டு விநாடிக்கு 18,000 படிகள். அதனால்தான் பொறியியலார் இவ்வேலையைக் கணிப்பொறியிடம் ஒப்படைக்கிறார்கள். கணிப்பொறி வேகமாகச் செய்கிறது. ஆனால் நீங்கள் நோட்டில் செய்த அதே வேலையைத்தான் செய்கிறது.

கணக்கு கற்பிக்கும் மருந்துகள்

சிமுலேஷனின் பயன் விடை காண்பது மட்டுமன்று. "இதை மாற்றினால் என்ன ஆகும்?" என்று, உலோகத்தை வெட்டாமலேயே கேட்டுப் பார்க்கலாம் என்பதே அதன் பெரும் பயன்.

நிலைமத் திருப்புத்திறனைப் பாதியாக்கிப் பார்ப்போம். மிகுதித் திறன் விதி மாறாதிருந்தால் ஒவ்வொரு வேகத்தையும் எட்ட ஆகும் நேரம் சரிபாதியாகும். பாதியாக்குவது எப்படி? ஒரே வடிவமுள்ள சக்கரங்களில் நிலைமத் திருப்புத்திறன் விட்டத்தின் ஐந்தாம் அடுக்குக்கேற்ப மாறுகிறது. விட்டத்தைப் பத்தில் ஒரு பங்கு மட்டும் குறைத்தாலே 0.9-இன் ஐந்தாம் அடுக்கு, அதாவது 0.59 ஆகிவிடுகிறது. பெரிய சக்கரம் ஒன்றுக்குப் பதில் சிறிய சக்கரங்கள் இரண்டைப் பந்தயக் கார்களில் பொருத்தியதன் இரகசியம் இப்போது விளங்குகிறதா?

கனம் குறைந்த பொருளால் சக்கரம் செய்வது இன்னொரு வழி. 1985-இல் நிசான் நிறுவனம் பீங்கான் வகைப் பொருளாலான டர்பைன் சக்கரத்தைக் காரில் பயன்படுத்தியது. மூன்றாவது வழி, டர்பைனைச் சுற்றித் திருப்பக்கூடிய சிறு தகடுகளை அமைப்பது. தோட்டத்துத் தண்ணீர்க் குழாயின் வாயை விரலால் அமுக்கினால் குறைந்த நீரும் வேகமாகப் பீய்ச்சும் அல்லவா? அதுபோல் வாயு குறைவாக உள்ள நேரத்தில் தகடுகள் வழியைக் குறுக்கி, டர்பைன் மீது வேகமாகப் பாயச் செய்கின்றன. நான்காவது வழி, டர்பைனுக்கு வெளியிலிருந்து உதவுவது. 2014-இலிருந்து 2025 வரை ஃபார்முலா ஒன் எஞ்சின்களின் டர்போ அச்சிலேயே மின்மோட்டார் ஒன்று இணைக்கப்பட்டிருந்தது. 2016-இல் வோல்வோ நிறுவனம் ஒரு சிறு தொட்டியில் அழுத்தி வைத்த காற்றை, மிதித்த கணத்தில் டர்பைனுக்கு முன்னால் செலுத்தும் முறையை டீசல் கார்களில் கொண்டுவந்தது. விதை முந்தியா, மரம் முந்தியா என்ற வட்டத்தை இவை வெளியிலிருந்து உடைக்கின்றன.

மாதிரி எங்கே பொய்க்கும்?

நாம் போட்ட கணக்கு எளிய கணக்கு. உண்மையான சிமுலேஷனில் மிகுதித் திறனை யாரும் விருப்பப்படி வகுத்துக்கொள்வதில்லை. டர்பைனையும் கம்ப்ரசரையும் சோதனைக்கூடத்தில் ஓட்டி, ஒவ்வொரு வேகத்திலும் எவ்வளவு காற்று, எவ்வளவு அழுத்தம், எவ்வளவு திறமை என்று அளந்து வரைபடமாக்குவர். கணிப்பொறி அந்த வரைபடத்தைப் படித்து எண்களை எடுத்துக்கொள்ளும். 1982-இல் வாட்சன், ஜனோட்டா இருவரும் டர்போசார்ஜர் பற்றி வெளியிட்ட நூல் இத்துறை மாணவர்களுக்கு நீண்ட காலம் வழிகாட்டியாக விளங்கியது.

ஆனால் அந்த வரைபடங்களில் ஒரு குறை உண்டு. அவை நிலைத்த இயக்கத்தில் அளக்கப்பட்டவை. எஞ்சினிலிருந்து வாயு ஆற்றுநீர் போல ஒரே சீராக வருவதில்லை. நான்கு சிலிண்டர் எஞ்சின் நிமிடத்துக்கு 1,500 சுற்று ஓடினால், விநாடிக்கு 50 முறை துடிப்புத் துடிப்பாக வருகிறது. இன்னும் சில உண்டு. புகைக்குழாயின் இரும்பு முதலில் தான் சூடேற வேண்டும்; அதுவரை டர்பைனுக்குச் சேரவேண்டிய வெப்பத்தில் ஒரு பங்கை அது விழுங்கிவிடுகிறது. கம்ப்ரசருக்கும் எஞ்சினுக்கும் இடையிலுள்ள குழாய்களும் இன்டர்கூலரும் காற்றால் நிறைய வேண்டும். அவற்றின் கொள்ளளவு 10 லிட்டர் என்றால், அழுத்தத்தை இரு மடங்காக்க ஏறத்தாழ 12 கிராம் காற்று அவற்றுக்கே வேண்டும். எஞ்சினுக்கு அது கிடைப்பது பிறகுதான்.

நிலைத்த இயக்கத்தில் மட்டும் சோதித்தால் எது தப்பிவிடும் என்பதற்கு வரலாற்றில் ஒரு சான்று உண்டு. இரண்டாம் உலகப் போரில் ஆங்கிலேயரின் ஸ்பிட்ஃபயர் விமானம் சட்டென்று மூக்கைக் கீழே சாய்க்கும் கணத்தில், எஞ்சினுக்கு எரிபொருள் முறையாகப் போய்ச் சேராமல் எஞ்சின் திணறியது. சீராகப் பறக்கும்போது குறையே இல்லை. இதற்கு வழி கண்டவர் பியாட்ரிஸ் ஷில்லிங் என்ற பெண் பொறியியலார். 1941-இல் அவர் அமைத்த, நடுவில் துளையுள்ள ஒரு சிறு பித்தளைத் துண்டு எரிபொருளின் அளவைக் கட்டுப்படுத்தி விமானிகளின் உயிரைக் காத்தது. அந்த எஞ்சினில் டர்போ இல்லை. ஆயினும் பாடம் ஒன்றே: ஆபத்து பெரும்பாலும் இரண்டு நிலைகளுக்கு இடைப்பட்ட கணத்தில் ஒளிந்திருக்கிறது.

ஆகவே கணிப்பொறியின் விடையை உண்மையான எஞ்சினின் அளவீட்டோடு ஒப்பிட்டே தீர வேண்டும். இங்கே ஒரு சோதனை மனிதருக்கும் உண்டு. விடை பொருந்தாதபோது உராய்வு எண்ணைச் சற்றுக் கூட்டியோ, வெப்ப இழப்பைச் சற்றுக் குறைத்தோ இரண்டு கோடுகளையும் பொருத்திவிடலாம். பார்ப்பவர்கள் பாராட்டுவார்கள். ஆனால் அது, விடையை முன்கூட்டியே தெரிந்துகொண்டு அதற்கேற்ப வழிமுறையை எழுதும் மாணவியின் செயலைப் போன்றது. அந்த ஒரு சோதனைக்குப் பொருந்திய மாதிரி அடுத்த சோதனையில் கைவிட்டுவிடும். நேர்மையான பொறியியலார் ஒரு சோதனையைக் கொண்டு எண்களைச் சீர்செய்து, தாம் முன்பு பார்த்திராத வேறொரு சோதனையைக் கொண்டே மாதிரியைத் தேர்வு செய்வார்.

இதனால் யாருக்கு என்ன?

இந்த இரண்டு விநாடிக்கு இவ்வளவு பாடுபட வேண்டுமா என்று கேட்கலாம். உலக சுகாதார நிறுவனத்தைச் சேர்ந்த புற்றுநோய் ஆய்வு அமைப்பு, டீசல் புகை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் என்று 2012-இல் அறிவித்தது. அந்தப் புகையை மிகுதியாகச் சுவாசிப்பவர் யார்? பேருந்துக்குள் இருப்பவர் அல்லர். நிறுத்தத்தில் நிற்பவர், சாலையோரம் கடை வைத்திருப்பவர், பள்ளிக்கு நடந்து செல்லும் குழந்தைகள்.

ஐரோப்பாவில் லாரி எஞ்சின்களை நீண்ட காலம் 13 நிலைகளில் நிறுத்தி நிறுத்தியே சோதித்தார்கள். ஒரு நிலையிலிருந்து மறுநிலைக்கு மாறும்போது வரும் புகை அச்சோதனையில் அகப்படவில்லை. 2000-ஆம் ஆண்டு முதல் நிலைமாற்றச் சோதனைகளும் சேர்க்கப்பட்டன. நம் நாட்டில் 2020 ஏப்ரல் முதல் தேதி நடைமுறைக்கு வந்த பாரத் ஸ்டேஜ் 6 விதிகளின்படி, லாரி, பேருந்து எஞ்சின்கள் 1,800 விநாடி நேரம் வேகமும் பளுவும் மாறிக்கொண்டே இருக்கும் சோதனைக்கும் உட்பட வேண்டும். அதில் தேற வேண்டுமானால், காற்று வந்து சேரும் வேகத்துக்கு ஏற்பவே டீசலை அளந்துவிட வேண்டும். மிகவும் குறைத்தால் வண்டி ஏறாது. மிகவும் கூட்டினால் புகை மிகும். எந்த விநாடியில் எவ்வளவு என்று முடிவு செய்வதற்கே டர்போவின் சிமுலேஷன் வேண்டும். புகைவடிகட்டி பொருத்திய புதிய வண்டிகளிலும் இது தேவையே. கரித்துகள் மிகுந்தால் வடிகட்டி விரைவில் அடைபடும். அதை எரித்துச் சுத்தம் செய்ய மீண்டும் டீசல் செலவாகும்.

மாணவியரே! எஞ்சின், லாரி என்றாலே அது ஆண்களுக்குரிய துறை என்று எண்ணிவிடாதீர்கள். மேலே கண்ட கணக்கில் உங்களுக்கு விளங்காதது எது? பெருக்கலும் வர்க்கமூலமும் பொறுமையுமே அதில் உள்ளன. தாலந்துகளின் உவமையில் தன் பங்கை மண்ணில் புதைத்து வைத்தவனையே ஆண்டவர் கண்டித்தார். கணிதத் திறமையும் ஒரு தாலந்துதான். அதைத் தேர்வு முடிந்ததும் புதைத்துவிடாமல், பிறர் சுவாசிக்கும் காற்றைத் தூய்மையாக்கப் பயன்படுத்தினால் அதுவும் அயலாருக்குச் செய்யும் தொண்டே ஆகும்.

பயிற்சி

1. கால் விநாடி அட்டவணையை 2 விநாடி வரை நிறைவு செய்க. அரை விநாடி அட்டவணையோடு ஒப்பிடுக. எந்த நேரத்தில் இரண்டுக்கும் வேறுபாடு மிகுதி? ஏன்?

2. நிலைமத் திருப்புத்திறன் 0.000025 என்று கொண்டு முதல் அட்டவணையைக் கால் விநாடிப் படிகளில் மீண்டும் காண்க. (குறிப்பு: இப்போது தொடக்க ஆற்றல் 200 ஜூல்.) கிடைத்த வேகங்களை முதல் அட்டவணையின் வேகங்களோடு ஒப்பிட்டு, நீங்கள் காணும் உண்மையை ஒரே வாக்கியத்தில் எழுதுக.

3. மிதித்த கணத்திலிருந்து அரை விநாடிக்கு மின்மோட்டார் ஒன்று 1,000 வாட் திறனைக் கூடுதலாகத் தருகிறது. முதல் கணக்கில் இதைச் சேர்த்தால், ஒரு விநாடியின் முடிவில் டர்போவின் வேகம் என்ன?